எங்கள் வீட்டுக்குச் ‘சிதைந்த குடும்பம்’ என்றா பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

மகள் கம்பஸில் முதலாம் வருடம், சமூகவியல் படிக்கிறாள். லீவுக்கு வந்து நின்றவள் போன கிழமை குசினிப் படியில் இருந்து சோதனைக்குப் பாடமாக்கினாள். “தந்தை இல்லாத குடும்பம் சிதைந்த குடும்பம். அது தன் தொழிற்பாடுகளை நிறைவேற்றத் தவறுகிறது.” கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. அவளுடைய அப்பாவை நாங்கள் கடைசியாகக் கண்டது போர் முடிந்த 2009இல். அப்போது அவளுக்கு ஐந்து வயது.

அன்றிரவே அந்தப் போட்டோகொப்பி நோட்ஸை வாங்கி முழுக்க வாசித்தேன். நான் முன்பள்ளி ஆசிரியை, பெரிய படிப்பில்லை. விளங்காத இடங்களை மகள் சொல்லித் தந்தாள்.

மேர்டொக் என்ற மானிடவியலாளர் 250 சமூகங்களை ஒப்பிட்டு, தாய், தந்தை, பிள்ளைகள் என்ற கருக்குடும்பம் எங்கும் உண்டு என்று 1949இல் எழுதினாராம். நோட்ஸ் அதோடு நின்றுவிடுகிறது. ஆனால் முற்காலத்துக் கேரளத்தில் நாயர்களின் தறவாடு என்ற தாய்வழிக் கூட்டு வீடுகளில் கணவன் மனைவியின் வீட்டில் வாழ்ந்ததில்லை, பிள்ளைகளுக்குப் பொறுப்பாக இருந்தது தாய்மாமன்தான் என்று கத்லீன் கஃப் என்ற மானிடவியலாளர் 1959இல் காட்டியிருக்கிறார். அவர்களைச் சிதைந்தவர்கள் என்று யாரும் சொல்லவில்லையே. சமூகத்தில் ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு வேலை, அதாவது தொழிற்பாடு, உண்டு என்று சொல்பவர்கள் தொழிற்பாட்டுவாதிகள். அவர்களிலேயே மேர்ட்டன் என்பவர், ஒரு வேலையை இன்ன அமைப்புத்தான் செய்யவேண்டும் என்றில்லை, வேறொன்றும் அதைச் செய்யலாம் என்கிறார். சரி, அப்படியே எங்கள் வீட்டைப் பாருங்கள். அம்மா கோழி வளர்த்துக் கொப்பி வாங்கிக் கொடுத்தார். மச்சாள் கூலிக்குக் களை பிடுங்கி, தன் மகனையும் என் மகளையும் ஒரே சைக்கிளில் ரியூசனுக்கு ஏற்றிப் போனார். காய்ச்சல் வந்தால் மூன்று பேரும் மாறி மாறி விழித்திருந்தோம். இதில் எந்தத் தொழிற்பாடு தவறியது?

எங்களுக்குக் கஷ்டம் இருக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. காணி உத்தரவுப்பத்திரம் என் கணவர் பெயரில். ஒவ்வொரு கந்தோரிலும் அவர் கையெழுத்தைக் கேட்டார்கள், அது இல்லையென்றால் மரணச் சான்றிதழ் கேட்டார்கள். செத்துவிட்டார் என்று நானே எப்படி எழுதிக் கொடுப்பது? குடும்பத்தின் வடிவத்துக்குப் பின்னால் சொத்து இருக்கிறது என்று கார்ல் மார்க்ஸின் தோழர் ஏங்கெல்ஸ் 1884இலேயே எழுதினார் என மகள் சொன்னபோது, எனக்கு அந்தக் கந்தோர் வாங்குதான் ஞாபகம் வந்தது. எங்களை அலைக்கழித்தது வீட்டுக்குள் இருந்த குறையல்ல, அந்தக் கடதாசி.

மீட் என்ற சமூகவியல் அறிஞரைப் பற்றிய பகுதிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளை அம்மாவாக, கடைக்காரராக நடித்துப் பார்த்தே மற்றவரின் இடத்தில் தன்னை வைக்கப் பழகுகிறது என்கிறார். நான் அதைக் கண்ணால் கண்டவள். 2011இல் எங்கள் முன்பள்ளி ஒரு தறப்பாள் கொட்டில். பிள்ளைகள் சிரட்டையில் மண் சோறு சமைத்து வீடு விளையாடுவார்கள். அம்மா, அம்மம்மா, மாமி எல்லாம் இருப்பார்கள். ஒருநாள் ஒரு பெடியன் “நான் அப்பா” என்று வந்தான். அம்மம்மாவாக இருந்த பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டு, “சரி, நீங்கள் இப்பதான் வந்திருக்கிறீர்கள், சாப்பிடுங்கோ” என்று முதல் சிரட்டையை அவனிடம் கொடுத்தாள். தனக்குத் தெரிந்த குடும்பத்துக்குள்ளேயே அவனுக்கும் ஓர் இடம் கொடுத்துவிட்டாள். அந்த வீட்டில் எதுவும் சிதைந்திருக்கவில்லை.

வன்னிப் பிள்ளைகளுக்குச் சமூகவியல் படிப்பிக்கும் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும். குடும்பம் என்ற பாடத்துக்கு எங்கள் வீடுகளையே உதாரணமாக வையுங்கள். ஒவ்வொரு கோட்பாடும் அங்கே எதைக் காண்கிறது, எதைக் காணாமல் விடுகிறது என்று பிள்ளைகளிடமே கேளுங்கள்.

மகள் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ‘மேர்ட்டன்?’ என்று எழுதி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை வகுப்பில் எழும்பிக் கேட்கப்போகிறாளாம். தயவுசெய்து அவளை இருத்திவிடாமல் பதில் சொல்லுங்கள்.

முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
விசுவமடு.