ஆத்தாவின் மறதியும் ஆச்சியின் மறதியும் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்' என்ற பேச்சை எங்கள் செட்டிநாட்டு வீடுகளில் அடிக்கடி கேட்கிறேன். அல்சைமர் என்ற மூளை நோய் வந்தவர்களைக்கூட இந்த ஒரு வார்த்தையைச் சொல்லி வீட்டிலேயே வைத்திருக்கிறார்கள். இது மாற வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

என் தாயாருக்கு 88 வயது. என் மூத்த சகோதரிக்கு 67. எங்கள் வழக்கப்படி ஆச்சி என்று கூப்பிடுவோம். கணவர் காலமான பிறகு அவரும் பள்ளத்தூரில் எங்களோடுதான் இருக்கிறார். இருவருக்கும் மறதி உண்டு. ஆத்தாவுக்கு ஆள் பெயர் சட்டென்று வராது. கல்யாண வீட்டில் ஒருவரைப் பார்த்துவிட்டு யார் யார் என்று யோசித்துக்கொண்டே இருப்பார். சாப்பிட்டு வெற்றிலை போடும்போது, எந்த ஊர், யார் வீட்டுப் பேரன் என்று சரியாகச் சொல்லிவிடுவார். கண்ணாடியை வைத்த இடம் மறந்தால், எங்கெங்கே உட்கார்ந்தோம் என்று நினைத்துப் பார்த்து எடுத்துவிடுவார். மொய்க் கணக்கை முன்போல வேகமாகக் கூட்ட வராது, ஆனால் கூட்டினால் தப்பாது.

ஆச்சிக்கு நடந்தது அப்படியில்லை. பால்காரருக்குப் பணம் கொடுத்த சற்று நேரத்தில் மறுபடியும் பர்ஸை எடுப்பார். காலையில் வீட்டுக்கு வந்து போனவரைப் பற்றி எவ்வளவு அடையாளம் சொன்னாலும், அப்படி யாரும் வரவே இல்லை என்பார். விசேஷ வீடுகளுக்கெல்லாம் கந்தரப்பம் சுட்டுக் கொடுத்தவர், அரிசியையும் பருப்பையும் ஊறப்போட்டுவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். பெட்டகச் சாவியை அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டு, வேலைக்கு வரும் அம்மா எடுத்துவிட்டதாகச் சொன்னார். ஒரு நாள் இரவு, பிறந்து வளர்ந்த வீட்டிலேயே வளவிலிருந்து இரண்டாம் கட்டுக்கு வழி தெரியவில்லை. அப்போதும் உறவினர்கள் வயசுதான் காரணம் என்றார்கள். முதலில் பார்த்த மருத்துவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

பிறகு மதுரையில் ஒரு நரம்பியல் நிபுணர்தான் பொறுமையாக விளக்கினார். வயதாக ஆக எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும். நரம்பிழைகளின் மேலுறை தேயும், செல்களுக்கு இடையே உள்ள இணைப்புகள் குறையும். அதனால் வேகம் குறைகிறது, பெயர் தாமதமாக வருகிறது. ஆனால் செல்கள் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. அல்சைமரில் அமிலாய்டு என்ற புரதம் செல்களுக்கு வெளியே திட்டுத்திட்டாகப் படிகிறது. டௌ என்ற இன்னொரு புரதம் செல்லுக்குள் முடிச்சு முடிச்சாகச் சிக்குகிறது. இணைப்புகள் அறுந்து செல்களே சாகின்றன. பழைய வீட்டில் சுவர்ச் சுண்ணாம்பு உதிர்வதும் உத்திரத்தைக் கரையான் அரிப்பதும் ஒன்றாகுமா?

இந்தச் சேதம் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் முதலில் தாக்குகிறது. புதிய நினைவுகள் பதிய வேண்டிய இடம் அது. அதனால்தான் ஆச்சிக்குச் சின்ன வயதுப் பிள்ளையார் நோன்பு நினைவிருக்கிறது, இன்று காலை சாப்பிட்டது நினைவில்லை. நினைவு தெளிவாக இருக்கும் முதியவர்கள் சிலரின் மூளையிலும் அமிலாய்டு படிவு உண்டாம். ஆகவே ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது; அன்றாட வேலைகள் கெடுகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். 1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் இந்த நோயை முதன்முதலில் விவரித்தது, 51 வயதில் மருத்துவமனைக்கு வந்த ஒரு பெண்ணைப் பற்றித்தான். வயது ஏற ஏற ஆபத்து கூடும் என்பது உண்மை. ஆனால் முதுமையே இந்த நோய் அல்ல. எங்கள் ஆத்தாவைப் பார்க்கிறவர்களுக்கு அது புரியும்.

சீக்கிரம் காட்டினால் என்ன பயன் என்று கேட்கிறார்கள். தைராய்டு, பி12 குறைபாடு, மனச்சோர்வு, சில மாத்திரைகள் ஆகியவற்றாலும் இதுபோன்ற மறதி வரும். அவற்றைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். ஆச்சிக்கு அவை எதுவும் இல்லை என்று பரிசோதனைகளில் தெரிந்த பிறகே அல்சைமர் என்றார்கள். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனாலும் அறிகுறிகளைக் கொஞ்ச காலம் தணிக்கும் மாத்திரை உண்டு. நோய் என்று தெரிந்ததும் வீட்டில் கோபம் அடங்கியது. எனக்கு அதுவே பெரிய ஆறுதல்.

நம் ஊர்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, அத்தனை பெரிய வீட்டில் ஆச்சிமார் தனியாக இருக்கிறார்கள். போனில் பத்து நிமிடம் பேசினால் ஒன்றும் தெரியாது. பழைய கதையை அழகாகப் பேசுவார்கள், 'நல்லா இருக்கேன் அப்பச்சி' என்று சொல்லி வைத்துவிடுவார்கள். ஊருக்கு வரும்போது இரண்டு நாளாவது கூடவே இருந்து பாருங்கள். அடுப்பு அணைக்கிறார்களா, மாத்திரை சரியாகப் போடுகிறார்களா, பீரோவில் ஒரே சாமான் நாலைந்து வாங்கி வைத்திருக்கிறார்களா, கேட்டதையே கேட்கிறார்களா என்று கவனியுங்கள்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, ஏதோ ஒரு வகை டிமென்ஷியா (அல்சைமர் உள்ளிட்ட மறதி நோய்கள்) இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், நல்ல திட்டம். அதே வருகையில் நினைவாற்றல் பற்றியும் நாலு கேள்வி கேட்கப் பழக்கலாம். காரைக்குடி அரசு மருத்துவமனையில் வாரம் ஒரு நாள் இதற்கென்று ஒதுக்கினால், நோயாளியைக் கூட்டிக்கொண்டு மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. சுகாதாரத் துறையின் கவனத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டுகிறேன். முதியோர் உதவி எண் 14567-ஐயும் உங்கள் நாளிதழில் அடிக்கடி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
பள்ளத்தூர், சிவகங்கை மாவட்டம்.