சீரிஸைக் கண்டெடுத்த கடிதங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே சூரியனைச் சுற்றும் சீரிஸ் என்ற சிறுகோளைப் பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். வானில் தொலைந்துபோன அந்தச் சிறுகோளை, 24 வயது ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் தாளும் பேனாவும் கொண்டே தேடிக் கொடுத்த கதையைக் கட்டுரையாளர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் கணக்குப் போடுவதற்கு வேண்டிய எண்கள், சிசிலித் தீவின் பாலெர்மோ நகரிலிருந்து ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் வரை எப்படி வந்து சேர்ந்தன என்பது குறித்துக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஆர்.எம்.எஸ். எனும் ரயில்வே தபால் பிரிவில் முப்பத்தோரு ஆண்டுகள் ஓடும் ரயிலில் தபால் பிரித்தவன் என்பதால், அந்த விடுபடல் என் கண்ணில் முதலில் பட்டது. சீரிஸ் மீண்டும் கிடைத்ததில் காஸின் கணிதத்துக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அவ்வளவு பங்கு அதற்கு முன் எழுதப்பட்ட கடிதங்களுக்கும் உண்டு என்பதை உங்கள் வாசகர்கள் அறிய வேண்டும் என்று விரும்புகிறேன்.

1801 ஜனவரி 1ஆம் நாள் இரவு, பாலெர்மோ வானாய்வகத்தில் விண்மீன் பட்டியல் ஒன்றைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பாதிரியார் பியாட்சி, ரிஷப மண்டலத்தில் பட்டியலில் இல்லாத மங்கலான ஒளிப்புள்ளி ஒன்றைக் கண்டார். மறுநாள் இரவு அது இடம் மாறியிருந்தது. தொடர்ந்து பார்த்ததில், அதுவரை விண்மீன்களிடையே பின்னோக்கி, அதாவது வக்கிர கதியில், சென்றுகொண்டிருந்த அது ஜனவரி 11 வாக்கில் முன்னோக்கிய நேர்கதிக்குத் திரும்பியதையும் குறித்துக்கொண்டார். ஜனவரி 24 அன்று பெர்லினிலிருந்த வானியலாளர் போடேவுக்கும், மிலான் நகரில் இருந்த வானியலாளர் நண்பர் ஒரியானிக்கும் தனித்தனியே கடிதம் எழுதினார்.

இந்த இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். போடேவுக்கு எழுதியதில், தாம் ஒரு வால்மீனைக் கண்டதாக மட்டுமே அறிவிக்கிறார். ஒரியானிக்கு எழுதியதிலோ, வால்மீன் என்றுதான் அறிவித்திருக்கிறேன், ஆயினும் அதைச் சுற்றிப் புகைபோன்ற மங்கல் ஏதும் இல்லை, அதன் ஓட்டமும் மெதுவாகவும் சீராகவும் இருக்கிறது, ஆகவே இது வால்மீனைவிட மேலான ஒன்றாக இருக்குமோ என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது, ஆனால் இந்த ஊகத்தை வெளியில் சொல்லாமல் கவனமாக இருக்கிறேன் என்ற பொருள்பட மனந்திறந்து எழுதுகிறார். ஒரே நாளில், ஒரே மேசையிலிருந்து எழுதப்பட்ட இரண்டு கடிதங்கள். ஒன்று உலகுக்கு, மற்றொன்று நம்பிக்கைக்குரியவருக்கு. அக்கால அறிவியல் எப்படி நடந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் கண்டதில்லை.

போடேவுக்கு எழுதிய கடிதம் மார்ச் 20ஆம் தேதிதான் பெர்லின் சேர்ந்தது. கணக்கிட்டால் 55 நாள். ஒரியானிக்கு எழுதிய கடிதமோ ஏப்ரல் தொடக்கத்தில்தான் அவர் கைக்கு வந்தது. தீவிலிருந்து கடல் கடந்து, நெப்போலியனின் போர்களால் கலங்கிக் கிடந்த இத்தாலியைத் தாண்டி வரவேண்டிய தபால் அது. என் பணிக்காலத்தில் வெள்ளத்தால் தண்டவாளம் அரித்துப்போய் எங்கள் வண்டி இரண்டு நாள் தாமதித்தபோது, திறக்காத பைகளின் நடுவே உட்கார்ந்து, இவற்றுள் யாருடைய வேலை உத்தரவு கிடக்கிறதோ, யாருடைய மரணச் செய்தி கிடக்கிறதோ என்று தவித்திருக்கிறேன். போடேவுக்கான கடிதம் ஏதோ ஒரு பையில் கிடந்த அந்த 55 நாட்களில், பியாட்சி நோயுற்றுப் பிப்ரவரி 11உடன் அவதானிப்பை நிறுத்திவிட்டார். செய்தி அறிந்த மற்றவர்கள் தொலைநோக்கியைத் திருப்புவதற்குள் சீரிஸ் சூரிய ஒளியில் மறைந்துவிட்டது.

கிரீனிச் வானாய்வகத்தின் தலைவர் மாஸ்கலின் இதற்குப் பியாட்சியையே குற்றம் சாட்டினார். கிடைத்த இனிய பண்டத்தை ஆறு வாரம் தனக்கே வைத்துக்கொண்ட பேராசைக்காரர் என்றும், அதற்குத் தண்டனையாகவே நோய் வந்தது என்றும் கடிதமொன்றில் கடுமையாக எழுதினார். இது நியாயமில்லை என்பது என் உறுதியான கருத்து. தம்மிடம் இருந்த எல்லா அளவீடுகளையும் பியாட்சி முதலில் தரவில்லை என்பது உண்மைதான். ஆனால் நோய் தாக்குவதற்கு முன்பே அவர் கடிதம் எழுதி அனுப்பிவிட்டார். வழியில் ஆன தாமதத்தை அனுப்பியவர் தலையில் கட்டுவது தபால்காரர்கள் கண்டு பழகிய வழக்குதான். மாஸ்கலின் போன்ற பெரியவரும் அதைச் செய்தார் என்பது வருத்தம் தருகிறது.

முழு அளவீடுகளையும் பியாட்சி ஏப்ரலில் அனுப்பினார். அவற்றை எல்லோரும் காணச் செய்தவர், கோத்தா அருகே ஸீபெர்க் வானாய்வகத்தை நடத்திவந்த ஸாக். 1800இல் அவர் தொடங்கிய மாத இதழின் பெயரே 'மாதாந்திரக் கடிதத் தொடர்பு' என்ற பொருளுடையது. ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வானியலாளர்கள் அவருக்கு எழுதிய கடிதங்களே அந்த இதழின் உயிர். 1801 செப்டம்பர் இதழில் பியாட்சியின் அளவீடுகள் அச்சாயின. அதைப் பார்த்துத்தான் காஸ் கணக்கில் இறங்கினார். அவர் ஸாக்குக்கு எழுதி அனுப்பிய முடிவு டிசம்பர் இதழில் வந்தது. மற்றவர்கள் குறித்திருந்த இடத்திலிருந்து வெகுதூரம் விலகியிருந்த அந்த இடத்துக்கு அருகிலேயே, டிசம்பர் 31 இரவு ஸாக் சீரிஸை உறுதிசெய்தார். அடுத்து, முதற் கண்டுபிடிப்புக்குச் சரியாக ஓராண்டு நிறைந்த வேளையில், பிரெமன் நகரில் ஓல்பர்ஸும் அதைக் கண்டார்.

இந்த ஓல்பர்ஸைப் பற்றிக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தொழிலால் மருத்துவர், பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, இரவில் தம் வீட்டு மாடியிலிருந்தே வானத்தை ஆராய்ந்தவர். 1802இல் தொடங்கி 1840இல் அவர் இறக்கும்வரை அவருக்கும் காஸுக்கும் இடையே கடிதங்கள் போய்வந்துகொண்டே இருந்தன. எண்கோட்பாட்டில் ஒரு குறி கூட்டலா கழித்தலா என்று தெரியாமல், வாரந்தோறும் முயன்று நான்கு ஆண்டுகள் தவித்த காஸ், விடை கிடைத்ததும் 1805 செப்டம்பர் 3 அன்று ஓல்பர்ஸுக்குத்தான் எழுதினார்: தம் உழைப்பால் அன்று, இறையருளால், மின்னல் வெட்டியதுபோல் புதிர் அவிழ்ந்ததாக. நான்கு ஆண்டுகள் கழித்து அதே கை, மனைவி யோஹன்னா இறந்த மறுநாள், ஐந்து ஆண்டுகள் தமக்குச் சொர்க்கமாக இருந்த கண்களை நேற்றிரவு எட்டு மணிக்கு மூடினேன் என்று அதே ஓல்பர்ஸுக்கு எழுதியது. காஸ் தம் பிள்ளைகளுக்கு ஜோசப், வில்ஹெல்மினா, லூயி என்று பெயரிட்டது சிறுகோள்களைக் கண்ட பியாட்சி, ஓல்பர்ஸ், ஹார்டிங் ஆகியோரின் நினைவாக என்பதையும் கட்டுரையாளர் சேர்த்திருக்கலாம்.

பின்னாளில் பெயர்பெற்ற ஜெர்மன் வானியலாளர் பெஸ்ஸல் வானியலுக்கு வந்ததும் ஓல்பர்ஸால்தான். பிரெமனில் ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராக இருந்த 20 வயது இளைஞர், 1607இல் தோன்றிய ஹாலி வால்மீனின் பாதையைத் தாமாகவே கணக்கிட்டு 1804இல் ஓல்பர்ஸிடம் கொடுத்தார். அந்தக் கணக்கின் தரம் கண்டு வியந்த ஓல்பர்ஸ், அது அச்சேற வழிசெய்தார். 1838இல், 61 சிக்னி என்ற விண்மீனின் தொலைவை அளந்துவிட்ட செய்தியை இதே பெஸ்ஸல் ஆங்கிலேய வானியலாளர் ஜான் ஹெர்ஷலுக்குக் கடிதமாகவே எழுத, அது லண்டனில் அச்சானது.

காஸ் அச்சிடத் துணியாத எண்ணங்களுக்கும் பெஸ்ஸலுக்கு எழுதிய கடிதங்களே இடமாயின. இணைகோடுகள் குறித்த யூக்ளிடின் விதியை ஏற்காத, யூக்ளிட் அல்லாத வடிவியல் பற்றிய தம் ஆய்வை வெளியிட்டால் மூடர்கள் எழுப்பும் கூச்சலுக்கு அஞ்சுவதாக 1829 ஜனவரியில் அவருக்கு எழுதினார். காஸ் 1855இல் மறைந்த பின், அவருக்கும் பெஸ்ஸலுக்கும் இடையிலான கடிதங்கள் 1880இல்தான் நூலாக வந்தன. ஒரியானியிடம் மட்டும் பியாட்சி மனந்திறந்ததும் இதுவும் ஒரே இயல்பைச் சேர்ந்தவை. கட்டுரைகளை மட்டும் படிப்பவருக்குக் கணிதம் கிடைக்கும்; அதை எழுதியவரின் தயக்கம் கிடைக்காது.

இந்தச் சிறுகோள் தேடல் நமக்கும் அந்நியமானது அல்ல. 1861இல் சென்னை வானாய்வகத்திலிருந்து ஆங்கிலேய வானியலாளர் போக்சன் கண்ட சிறுகோளுக்கு ஆசியா என்று பெயர்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தக் கடிதங்களைத் தமிழில் பெயர்த்து, எழுதியவர், பெற்றவர், தேதி, கடிதம் சேர எடுத்த நாள்கள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, இதழுக்கு ஒன்றாக வெளியிடுங்கள். முதல் கடிதமாக, 1801 ஜனவரி 24 அன்று பியாட்சி ஒரியானிக்கு எழுதியதை வைக்கக் கோருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். ஊழியர்,
விருத்தாசலம்.