முறைசாரா ஆராதனைக்கும் வரிசை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெபப் புத்தகமோ எழுதிவைத்த வாசகங்களோ இல்லாமல் நடக்கும் கிறிஸ்தவ ஆராதனையைப் பற்றிப் பேச்சு எழுந்தால், "இதுதான் ஆவியானவர் நடத்தும் ஆராதனை" என்று ஒரு சாராரும், "வெறும் சத்தமும் குழப்பமும்" என்று மறுசாராரும் சொல்கிறார்கள். ஆனால் இத்தகைய ஆராதனை எங்கெல்லாம் கெட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் காரணம் பெரும்பாலும் ஆயத்தக் குறைவுதான். புத்தகத்தைப் படித்து நடத்துவதைவிட, புத்தகமில்லாமல் நடத்துவதற்கு இருமடங்கு தயாரிப்பு தேவை என்பதை வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

கி.பி. 155 வாக்கில் ஆதித் திருச்சபை எழுத்தாளரான ஜஸ்டின் அக்காலத்து ஆராதனையைப் பற்றி எழுதிய விளக்கத்தைப் பாருங்கள். ஞாயிறன்று கூடுகிறார்கள், நேரம் இடங்கொடுக்கும் வரை அப்போஸ்தலர்களின் நினைவுக் குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ வாசிக்கப்படுகின்றன, தலைமை தாங்குபவர் புத்தி சொல்கிறார், எல்லோரும் எழுந்து ஜெபிக்கிறார்கள், அப்பமும் திராட்சரசமும் தண்ணீரும் கொண்டுவரப்படுகின்றன, தலைவர் தம்மால் இயன்ற அளவு ஸ்தோத்திரம் செலுத்த, ஜனங்கள் ஆமென் என்கிறார்கள். வராதவர்களுக்கு உதவிக்காரர்கள் பங்கை எடுத்துச் செல்கிறார்கள். ஜெபத்தின் சொற்கள் அந்தந்த வேளையில் பிறந்தவை. நிகழ்ச்சிகளின் வரிசையோ எல்லோரும் அறிந்தது. அப்போஸ்தலன் பவுலும் 1 கொரிந்தியர் 14-இல் ஒருவர் சங்கீதமும் ஒருவர் போதகமும் கொண்டுவரலாம் என்று திறந்துவிட்ட கையோடு, அந்நியபாஷை (ஆவியின் ஏவுதலால் பேசும், மற்றவர்களுக்குப் புரியாத மொழி) பேசுவோர் மிஞ்சினால் மூன்று பேர், ஒருவர்பின் ஒருவராக, அர்த்தம் சொல்பவர் இல்லையேல் மௌனம் என்று வரம்பும் கட்டுகிறார்.

ஜெபப் புத்தகத்தைக் கீழே வைக்கும்போது, அது ஓசையில்லாமல் சுமந்துகொண்டிருந்தவையும் சேர்ந்து போய்விடுகின்றன. முதலில் காணாமற்போவது பாவ அறிக்கை. அடுத்தது பழைய ஏற்பாட்டு வாசிப்பு. பிறகு ஆளுகிறவர்களுக்காகவும் சிறையிலிருப்போருக்காகவும் ஏறெடுக்கும் மன்றாட்டு; இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபம்கூடச் சில சபைகளில் நின்றுவிடுகிறது. மிஞ்சுவது பாட்டும் பிரசங்கமும்தான். இதற்கு மருந்து அரைப் பக்கத் தாள். ஆரம்ப வசனம், இரண்டு பாட்டு, ஒரு நிமிட அமைதியோடு பாவ அறிக்கை, பழைய ஏற்பாட்டிலிருந்தும் சுவிசேஷத்திலிருந்தும் ஒவ்வொரு வாசிப்பு, 25 நிமிடச் செய்தி, 10 நிமிட மன்றாட்டு, 10 நிமிடச் சாட்சி, அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து, ஆசீர்வாதம் என்று அதில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயரையும் குறித்து, சனிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். வேதவாசிப்பவர் பகுதியை வீட்டிலேயே இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பழகியிருக்க வேண்டும். "யாராவது வாசியுங்கள்" என்று அந்த நேரத்தில் கேட்டால், பெயர்ச்சொற்களில் தட்டுத்தடுமாறும் வாசிப்புதான் கிடைக்கும்.

பாட்டில்தான் அதிகம் சேதமாகிறது. பாட்டு நடத்துபவர் தம் குரலுக்கு வசதியான சுருதியைப் பிடிக்கிறார், அல்லது ஒலிப்பதிவில் உள்ள சுருதியையே எடுத்துக்கொள்கிறார். பயிற்சியில்லாத பெண்குரல் கீபோர்டில் நடு சி-க்குக் கீழேயுள்ள ஏ-யிலிருந்து, மேல் சி-யை அடுத்த டி வரை சிரமமில்லாமல் போகும். ஆண்கள் அதையே ஒரு ஸ்தாயி (ஆக்டேவ்) கீழே பாடுகிறார்கள். பாட்டின் உச்சம் அந்த டி-யைத் தாண்டி எஃப்-க்கோ ஜி-க்கோ ஏறினால் சபையில் பாதி பேர் வாயை மூடிக்கொள்வார்கள். மூன்று முதல் ஐந்து அரைச்சுரம் (கீபோர்டில் அடுத்தடுத்த கட்டைகள்) இறக்கிவிட்டால் போதும், அவர்கள் திரும்ப வந்துவிடுவார்கள். புதுப் பாட்டு மாதத்துக்கு ஒன்று போதும். அதையும் தொடர்ந்து மூன்று வாரம் பாட வேண்டும். பல்லவியை எத்தனை முறை பாடுவது என்று வாத்தியக்காரர்களோடு முன்பே பேசிவைக்க வேண்டும். திரையில் ஒரு வேளைக்கு நான்கு வரிக்கு மேல் வேண்டாம். கடைசிச் சொல்லைப் பாடத் தொடங்கும்போதே அடுத்த பக்கம் வந்துவிட வேண்டும், பாடி முடித்தபின் மாற்றினால் அடுத்த வரியின் முதல் சொல் போய்விடும்.

ஒலி அளவைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு சரணத்தில் வாத்தியங்களை நிறுத்திப் பாருங்கள். சபையின் குரல் நிறைவாகக் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது. மேடையிலுள்ள மூன்று பேர் குரல் மட்டும் கேட்டால், அதுவரை நடந்தது கச்சேரி. பாட்டுகளுக்கு இடையில் நடத்துபவர் பேசும் குட்டிப் பிரசங்கங்களை முற்றாக நீக்கலாம். ஒரு வசனம் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போவதே நல்லது.

திறந்த ஜெப நேரத்தில் முதல் பத்து விநாடி அமைதியைக் கண்டே நடத்துபவர்கள் பதறிவிடுகிறார்கள், உடனே தாங்களே ஜெபிக்கத் தொடங்குகிறார்கள். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கூட்டத்தில் சுமார் ஒரு மணி நேரம் அமைதியாக அமர்ந்திருக்கும் மரபுள்ளவர்கள். ஒருவர் பேசி முடித்ததும் உடனே அடுத்தவர் எழுவதில்லை, சொன்னது உள்ளே இறங்க இடம் விடுகிறார்கள். "இரண்டு நிமிடம் அமைதியாக இருப்போம், பிறகு யார் வேண்டுமானாலும் ஜெபிக்கலாம், ஒருவருக்கு ஒரு பொருள், மூன்று வாக்கியம்" என்று முன்கூட்டியே சொன்னால், கூச்சமுள்ளவர்களும் வாய் திறப்பார்கள். இப்படி வரம்பு கட்டாத இடத்தில், நன்றாகப் பேசத் தெரிந்த இருவர் மொத்த நேரத்தையும் எடுத்துக்கொள்வார்கள். குரலும் முக்கியம்: ஜெபிப்பவர் சொல்வது கடைசி வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் அங்குள்ளவர் ஆமென் சொல்ல முடியாது. பவுலும் 1 கொரிந்தியர் 14:16-இல், சொல்வது புரியாதவர் எப்படி ஆமென் சொல்வார் என்று கவலைப்படுகிறார்.

சாட்சி சொல்பவர் மூன்று நிமிடத்துக்குள் முடிக்க, என்ன நடந்தது, கர்த்தர் என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் சொன்னால் போதும். மைக்கை அவர் கையில் கொடுக்காமல் நடத்துபவரே பிடித்துக்கொள்வது நல்லது; நேரமானால் நன்றி சொல்லி நாசூக்காக வாங்கிக்கொள்ளத் தேவையே இருக்காது. "மாத்திரையை நிறுத்திவிட்டேன், சுகமானேன்" என்று ஒருவர் சொன்னால், மருத்துவரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தக்கூடாது என்று அங்கேயே, அப்போதே சொல்லிவிட வேண்டும். கூட்டம் முடிந்தபின் தனியாகச் சொல்வதால் பயனில்லை, கேட்டவர்கள் வீடு போயிருப்பார்கள். அதேபோல, இன்னொருவருடைய நோயையோ குடும்பச் சண்டையையோ ஜெபக் குறிப்பு என்ற பெயரில் அவர் அனுமதியில்லாமல் சபைமுன் சொல்வது பெரிய அநியாயம். இணையத்தில் நேரலை ஓடும் சபைகள் சாட்சி, ஜெபக் குறிப்பு நேரத்தில் ஒளிபரப்பை நிறுத்திவைக்க வேண்டும்.

எழுதப்படாத ஆராதனையிலும் பழக்கத்தால் ஒரு வரிசை இருக்கத்தான் செய்கிறது. பழையவர்களுக்கு அது தெரியும், முதல்முறை வந்தவருக்குத்தான் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று புரியாது. ஆரம்பத்திலேயே நான்கு வாக்கியத்தில் அன்றைய வரிசையைச் சொல்லிவிடலாம். திருவிருந்தில் யார் யார் பங்கெடுக்கலாம், முன்னால் வர வேண்டுமா, இருந்த இடத்துக்கே தட்டு வருமா, பங்கெடுக்காதவர் என்ன செய்யலாம் என்பதையும் அப்பம் எடுப்பதற்கு முன்பே தெளிவாகச் சொல்ல வேண்டும். தட்டு கைக்கு வந்தபின் யோசிக்கும்படி யாரையும் விடக்கூடாது.

இப்படிக்கு,
சபை ஆராதனைப் பொறுப்பாளர் ஒருவர்