படம் பிடிக்காமல் உதவ முடியுமா? சி.எஸ்.ஆர். அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிறுவனங்களின் சி.எஸ்.ஆர். எனும் சமூகப் பொறுப்புப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். மேற்கு மாவட்டம் ஒன்றில், வீட்டில் அடி உதைக்குத் தப்பி வரும் பெண்களும் அவர்கள் பிள்ளைகளும் தங்கும் ஓர் இல்லத்துக்குப் பொறுப்பாளர் நான். எந்த ஊர், இல்லத்தின் பெயர் என்ன என்று எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடலே.

போன மார்ச் 8 அன்று உங்களில் ஒரு நிறுவனத்திலிருந்து பன்னிரண்டு பேர் வேனில் வந்து இறங்கினார்கள். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை, அவர்களுக்குத் தெரியும். நான்கு தையல் மெஷின், ஒரு பெரிய கேக், எட்டடி ஃப்ளெக்ஸ். படம் எடுக்கக்கூடாது என்று முன்கூட்டியே கடிதத்தில் எழுதியிருந்தோம். வாசலிலும் சொன்னோம். "முகம் வராம எடுத்துக்கிறோம் மேடம், ஹெட் ஆபீஸுக்கு ரிப்போர்ட் போகணும்" என்றார் ஓர் இளைஞர். சின்ன வயசு, முகத்தில் நிஜமாகவே பதற்றம். நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். தலையாட்டியது என் தவறு, அதை யார் மேலும் போடவில்லை.

சொன்னபடியே முகம் வரவில்லை. முகங்களின் மேல் மஞ்சள் சிரிப்புப் பொம்மைகளை ஒட்டி, அன்று சாயங்காலமே நிறுவனத்தின் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஆனால் பின்னால் எதிர் மளிகைக் கடையின் போர்டு, தெருப்பெயரோடு தெளிவாக விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரு பெண் பிள்ளை கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறாள். பள்ளிச் சீருடை, இடுப்பு வரைக்கும் இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். அவளுக்குப் பொம்மை ஒட்டத் தேவையில்லை என்று நினைத்திருக்கிறார்கள். பெற்ற தகப்பனுக்கு மகளின் பின்னந்தலை தெரியாதா?

படம் யார் யார் போன் வழியாகப் போனதோ தெரியாது. நான்காம் நாள் காலை எட்டேகாலுக்கு அந்த மளிகைக் கடை முன்னால் ஒரு பைக் வந்து நின்றது.

அந்தப் பிள்ளை பத்தாம் வகுப்பு. அம்மாவும் தம்பியும் அவளும் எங்களிடம் வந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. வந்த அன்று அம்மாவின் இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு, பிள்ளையின் கையில் புத்தகப் பை, வேறு எதுவும் இல்லை. பதினொரு மாதமாக அவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூங்கினார்கள். பைக் வந்து நின்ற அன்று இரவே அம்மாவையும் தம்பியையும் வேறு மாவட்டத்துக்கு அனுப்பினோம். பிள்ளையை அனுப்ப முடியவில்லை. இரண்டு வாரத்தில் பொதுத்தேர்வு. ஹால் டிக்கெட்டில் தேர்வு மையம் அச்சாகியிருந்தது, அது அவள் அப்பாவுக்கு இப்போது தெரிந்துவிட்ட அதே பகுதியில் இருந்தது.

எங்கள் ஊழியர் ஒருவர் வீட்டில் அவளைத் தங்கவைத்தோம். ஐந்து தேர்வு, ஒவ்வொரு தேர்வுக்கும் வேறு வேறு வழியில் ஆட்டோ. முதல் இரண்டு நாள் ஒரு பெண் காவலர் கூட வந்தார், அப்புறம் அவரைப் பந்தோபஸ்துக்குப் போட்டுவிட்டார்கள். கணக்குத் தேர்வன்று அவள் சீட்டில் உட்காரவில்லை. ஆட்டோவின் தரையில், என் காலுக்கும் முன் சீட்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நின்னுட்டிருக்காரா பாருங்கக்கா" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அதற்கு முந்தைய இரவே அந்தச் சடையைக் கழுத்தளவுக்கு அவளே வெட்டியிருந்தாள். சமையலறைக் கத்தரிக்கோலால்.

பைக் வந்து நின்றதுமே, நடந்ததை அந்த நிறுவனத்துக்கு எழுதியிருந்தேன். ஒன்பது நாள் கழித்து மின்னஞ்சல் வந்தது. படத்தை நீக்கிவிட்டோம், வருந்துகிறோம் என்று முதல் இரண்டு வரி. மூன்றாவது வரியில், நிதியாண்டு முடிகிறது, பயன்பாட்டுச் சான்றிதழும் பயனாளிகளின் பெயர், ஆதார் நகல், புகைப்படம் அடங்கிய பட்டியலும் இன்னும் வந்து சேரவில்லை, 31ஆம் தேதிக்குள் அனுப்பவும்.

நான் அனுப்பவில்லை. அடுத்த ஆண்டு அவர்கள் வரமாட்டார்கள் என்று தெரியும். பரவாயில்லை.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எங்கள் பெண்களின் முகத்தையும் எங்கள் முகவரியையும் உங்கள் அறிக்கைக்காகக் கேட்காதீர்கள்.

'சட்டப்படி தேவைப்படுகிறது, மேடம்' என்று உங்களில் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறீர்கள். அதனால் சட்டத்தை நானும் கொஞ்சம் படித்துப் பார்த்தேன். நிறுவனங்கள் சட்டம் 2013, பிரிவு 135: குறிப்பிட்ட எல்லையைத் தாண்டிய நிறுவனங்கள் லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அந்தப் பணத்தை எதற்கெல்லாம் செலவிடலாம் என்ற 7ஆம் அட்டவணையில் பெண்களுக்கான இல்லங்கள், விடுதிகள் அமைப்பது பெயர் சொல்லியே இருக்கிறது. ஆக நீங்கள் எங்களுக்குச் சலுகை எதுவும் காட்டவில்லை. பணம் சொன்ன காரியத்துக்குத்தான் போனது என்று உங்கள் நிதித் தலைவர் சான்றளிக்க வேண்டும் என்கிறது விதி. அதற்கு பில் இருக்கிறது, வங்கிக் கணக்கு இருக்கிறது, எங்கள் ஆடிட்டர் இருக்கிறார். கேக் வெட்டும் கைகளின் படத்தை எந்த விதியும் கேட்கவில்லை. இன்னொரு விதியும் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் 2006இல் வந்த விதிகளின்படி, ஒரு பெண் கேட்டுக்கொண்டால் அவர் யார் என்பதைக் காப்பகம் வெளியிடக்கூடாது, புகாருக்கு உள்ளானவரிடமும் தெரிவிக்கக்கூடாது. எங்களிடம் வரும் ஒவ்வொரு பெண்ணும் முதல் நாளே கேட்டுக்கொள்வது அதைத்தான். உங்கள் ஒப்பந்தத்தின் பயனாளிப் பட்டியல் பிரிவில் நான் கையெழுத்திட்டால், விதியை மீறுவது நானாக இருப்பேன்.

சொல்ல மறந்தேன். எங்கள் இல்லத்துப் பெண்களுக்கு சி.எஸ்.ஆர். என்ற வார்த்தை நன்றாகத் தெரியும். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகாரை வாங்கிக்கொண்டோம் என்று கொடுத்தனுப்பும் ரசீதுக்கும் அதே பெயர்தான். 'சி.எஸ்.ஆர்.காரங்க வர்றாங்க' என்று ஒருமுறை நான் சொன்னதும், ஒரு பெண் பயந்துபோய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடிவிட்டார். அப்போது சிரித்தோம். இப்போது யோசித்தால், அவர் ஓடியது சரிதான் போலிருக்கிறது.

அப்புறம், தையல் மெஷின். தயவுசெய்து நிறுத்துங்கள். மாடிப்படிக்குக் கீழே பதினேழு மெஷின் இருக்கிறது. வைக்க இடமில்லாமல் இரண்டின் மேல் மளிகைச் சாமான் அடுக்கியிருக்கிறோம். அடிபட்ட பெண் என்றாலே உங்களுக்குத் தையல்தான் ஏன் நினைவுக்கு வருகிறது என்று தெரியவில்லை. எங்களிடம் பி.காம். படித்தவர் இருக்கிறார், ஜே.சி.பி. ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்படுபவர் இருக்கிறார். மெஷின் கொடுப்பவர்கள் யாரும் அது ஓட வேண்டிய கரண்டுக்குக் கொடுப்பதில்லை. இரவுக் காவலர் சம்பளம் கேட்டால் அது 'நிர்வாகச் செலவு'. வீட்டு வாடகை கேட்டால் 'சொத்து உருவாகவில்லையே'. நள்ளிரவு ஒரு மணிக்கு போன் வந்தால் ஆட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓட வேண்டும், அந்த ஆட்டோ கூலிக்கு உங்கள் படிவத்தில் கட்டமே கிடையாது. பால், கேஸ் சிலிண்டர், நாப்கின், பேன் மருந்து, கோர்ட் வாய்தாவுக்குப் பஸ் டிக்கெட்: ஒரு காப்பகம் ஓடுவது இவற்றில்தான். வாய்தா என்றதும் ஞாபகம் வருகிறது. குடும்ப வன்முறை மனுவை முதல் விசாரணைத் தேதியிலிருந்து 60 நாளில் முடிக்க நீதிமன்றம் முயல வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. எங்களிடம் இரண்டாவது தீபாவளியைப் பார்த்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

கோபத்தில் கொஞ்சம் தடம் மாறுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மகளிர் தினத்தன்று நீங்கள் அரைப்பக்கம் விளம்பரம் கொடுக்கிறீர்கள். ஊதா நிறத்தில், 'பெண்ணே, நீயே சக்தி' என்று போட்டு, கீழே பிரஷர் குக்கருக்குத் தள்ளுபடி. தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21இல் எடுத்தது, தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்கிறது. உங்கள் ஆலைகளிலும் ஆபீஸ்களிலும் வேலை செய்யும் பெண்கள் இந்தக் கணக்குக்கு வெளியே பிறந்தவர்களா? என்னிடம் வந்த ஒரு பெண் உங்களைப் போன்ற ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தவர். மூன்று நாள் சொல்லாமல் லீவு எடுத்தார் என்று நீக்கிவிட்டார்கள். அந்த மூன்று நாளும் அவர் அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். பிலிப்பைன்ஸ் 2004இலேயே இப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளத்தோடு பத்து நாள் விடுப்பு தந்தது. நியூசிலாந்து 2019இலிருந்து தருகிறது. நம் ஊரில் கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி, கணவன் வந்து கத்தினால், 'குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கங்க' என்று அந்தப் பெண்ணையே வெளியே அனுப்புகிறார். காப்பகத்துக்கு நிதி கொடுக்கும் முன், காப்பகத்துக்கு வர வேண்டிய தேவையைக் கொஞ்சம் குறைக்கலாமே.

சரி, கோரிக்கைக்கே வருகிறேன்.

உதவி எப்படிச் செய்வது என்று உங்களில் யாராவது கேட்டால், இரண்டு பேரைக் காட்டுவேன். ஒருவர் அரிசி மண்டி வைத்திருக்கும் பெரியவர். மாதம் பிறந்தால் மூட்டை வரும். எங்கே இறக்குகிறோம் என்பது அவர் கடைப் பையனுக்குக்கூடத் தெரியாது, நாங்களே வேறு ஓர் இடத்திலிருந்து எடுத்துக்கொள்வோம். ஆறு வருடத்தில் ஒருநாளும் அவர் இல்லத்துக்கு வந்து பார்க்கவில்லை. "நான் எதுக்குங்க வரணும்" என்றார் ஒருமுறை. இன்னொருவர் சின்ன பனியன் கம்பெனி முதலாளி. எங்கள் பெண்கள் மூன்று பேருக்குப் பேக்கிங்கில் வேலை கொடுத்தார். ஷிப்ட் பகலில் மட்டும், போக வர அவர் வேன். ஒருநாள் ஒருவருடைய கணவன் கேட்டில் வந்து நின்று பெயர் சொல்லிக் கேட்டபோது, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்று முதலாளியே வெளியே வந்து சொல்லி அனுப்பினார். அவர் லாபம் உங்கள் 135ஆம் பிரிவின் எல்லைக்குப் பக்கத்தில்கூட வராது. அவரிடம் அறிக்கையும் கிடையாது, படமும் கிடையாது.

உங்களால் இதைவிடப் பெரிதாகச் செய்ய முடியும். சி.எஸ்.ஆர். விதிகள் மூன்று ஆண்டு வரை தொடரும் திட்டங்களை அனுமதிக்கின்றன. மூன்று ஆண்டு வாடகை, இரண்டு காவலர் சம்பளம், ஓர் ஆலோசகர் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கணக்கு மாதாமாதம் வரும், ஒரு ரூபாய் பிசகாது. வந்து பார்க்க வேண்டும் என்றால் ஒருவர் வாருங்கள், போனை ஆபீஸில் வைத்துவிட்டு. ஒப்பந்தப் படிவத்தில் 'பயனாளிகளின் பெயர், புகைப்படம், முகவரி' என்ற வரியைக் காப்பகங்களுக்கு மட்டும் அடித்துவிடுங்கள். ஒரே ஒரு வரி. மீண்டும் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன், அந்த ஒரு வரியை அடித்துவிடுங்கள்.

அந்த நிறுவனத்துக்குத் தனியாக ஒரு செய்தி. நீங்கள் விட்டுச்சென்ற எட்டடி ஃப்ளெக்ஸ் எங்களிடம் பத்திரமாக இருக்கிறது. புது வீட்டு மொட்டை மாடியில், உங்கள் பெயர் இருக்கும் பக்கத்தைக் கீழே போட்டு, அதில் வடகம் காயவைக்கிறோம். திரும்ப வேண்டுமென்றால் சொல்லுங்கள், கூரியரில் அனுப்பிவைக்கிறேன். அனுப்புநர் முகவரி மட்டும் அதில் இருக்காது.

இப்படிக்கு,
ஓர் இல்லப் பொறுப்பாளர்