தேவாங்குக்கு ஒரு கடிதம்

அய்யலூர் பக்கம்,
ஆவணிக் கடைசி

அன்புள்ள தேவாங்கு,

பேரன் எடுத்த பிறகுமா இந்தப் பெயர் என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. கடித்துக்கொள். இந்தக் கடிதமே உன் பெயர்க்காரரைப் பற்றியதுதான்.

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். முதலில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், அப்புறம் மோட்டார் ரிப்பேர், அதற்கப்புறம் வெறும் சோம்பல். அம்மா நன்றாக இருக்கிறாள். சாம்பாரில் கறிவேப்பிலையை எண்ணிக் குறை சொல்லும் அளவுக்குப் பார்வை வந்துவிட்டது. மிலிட்டரி சாகவில்லை, யாரோ கிளப்பிவிட்டது. வியாழக்கிழமை ஆட்டுச்சந்தையில் அவனையே பார்த்தேன், உன் பாக்கியை ஞாபகப்படுத்தச் சொன்னான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ராத்திரி பதினொரு மணிக்கு மோட்டார் போடக் கிளம்பினேன். கிணற்றடிக்குப் போகிற வழியில் டார்ச்சை அடித்தால் கிளுவை மர உயிர்வேலிக்குள் இரண்டு நெருப்புத் துண்டு. பூனை என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் ஒரு தேவாங்குக் குட்டி, என் கட்டைவிரல் கனத்தில் ஒரு கொப்பைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தாயைக் காணோம். ஐயோ, விட்டுவிட்டுப் போய்விட்டதே என்று பதறினேன். இங்கே ராத்திரியில் நெற்றி லைட்டுக்குச் சிவப்புத்தாள் ஒட்டிக்கொண்டு தேவாங்கு எண்ண வரும் பையன்கள் மறுநாள் சொன்னார்கள்: அது அதன் வழக்கமாம். குட்டியைக் கொப்பில் நிறுத்திவிட்டுத் தாய் பூச்சி பிடிக்கப் போகுமாம். நம் வீட்டுப் பெண்கள் களையெடுக்கப் போகும்போது வரப்போரம் தூளி கட்டிப் போவார்களே, அது மாதிரி.

டார்ச்சை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் வேலியோடு வேலியாகத் தாய் வந்தது. கால் கிலோ இருந்தால் அதிகம். கொப்பு கொப்பாகக் கை மாற்றி, அவசரமே இல்லாமல் வந்தது. குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு மேற்கே, உன் காட்டைப் பார்த்து நகர்ந்தது. நகர்ந்து நகர்ந்து, நான் போன வருஷம் கிளுவையைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தேனே, அந்த இடத்துக்கு வந்து நின்றது. கையை நீட்டியது. காற்றில் துழாவியது. கல்லைத் தொட்டது, கையை எடுத்துக்கொண்டது. மறுபடி நீட்டியது.

அதற்குத் தாவத் தெரியாதுடா. குரங்கு மாதிரி எட்டிக் குதிக்கிற சாதி இல்லை. ஒரு கொப்பை விடுவதற்கு முன்னால் அடுத்த கொப்பு கையில் இருக்க வேண்டும்.

கடைசியில் தரையில் இறங்கியது. அந்த நடையைப் பார்க்க வேண்டுமே, மூங்கில் குச்சிக்குக் கால் முளைத்த மாதிரி. அதே நேரம் பார்த்து நம் கருப்பன் குரைத்துக்கொண்டு ஓடி வந்தான். பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்துக்கொண்டேன். முழங்கை தேய்ந்ததுதான் மிச்சம். இருபதடி தூரத்தைக் கடந்து உன் வேலிக் கிளுவையில் அது ஏறுகிற வரைக்கும் நான் அவனை விடவில்லை.

2022 அக்டோபரில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவித்தபோது முதலில் சத்தம் போட்டவன் நான்தான், உனக்கே தெரியும். நாட்டிலேயே தேவாங்குக்கு முதல் சரணாலயம், கரூரும் திண்டுக்கல்லும் சேர்த்து 11,806 ஹெக்டேர் என்றார்கள். நிலத்தைப் பிடுங்க வருகிறார்கள் என்று ஊரைக் கூட்டினேன். ஒருத்தரும் என் பட்டாவைத் தொடவில்லை. காப்புக்காட்டை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் இது காப்புக்காட்டோடு நின்றுவிடுகிற பிராணி இல்லையே. உசிலை மரம், கிளுவை வேலி, நம் புளியமரம் என்று தோட்டம் தோட்டமாகப் போய் நம் வெள்ளாமையைத் தின்கிற பூச்சியையும் தின்கிறது. அதற்கு ரோடு நம் வேலிதான். அந்த ரோட்டை வெட்டியவன் நான்.

வடமதுரைச் சந்தையில் சீட்டெடுக்க ஒரு ஜோசியர் தேவாங்கு வைத்திருந்தாரே, நாலணா கொடுத்து உனக்கு மந்திரி யோகம் வந்ததே! அது பகலெல்லாம் கண்ணைப் பொத்திக்கொண்டே இருந்ததைப் பார்த்துச் சிரித்தோம். ராத்திரிப் பிராணியை உச்சி வெயிலில் உட்கார வைத்திருக்கிறான் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றியது? கண்ணை எடுத்து மை செய்யலாம் என்று கொன்றவர்களும் நம் ஊரில் இருந்தார்கள். இப்போது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணையில்தான் இதுவும் இருக்கிறது, பிடித்தால் ஜெயில். கம்பி இழுத்தால் மட்டும் ஒரு கேஸும் இல்லை.

இனிமேல்தான் கடிதம் எழுதிய காரணம். உன் சித்தப்பா நேற்று வந்தார். உன் பங்குக்கும் கிளுவையை எடுத்துவிட்டுக் கம்பி போடப்போவதாகவும், நீ சரி என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். மனை போட ஆள் வருகிறதாமே? விற்பதும் வைத்திருப்பதும் உன் இஷ்டம், அதில் நான் தலையிடவில்லை. மேற்கு வேலியை மட்டும் விட்டுவிடச் சொல். ஆடு நுழைகிறது என்பார். நுழையும்தான், அடியில் இரண்டு வரிசை முள் வைத்துக் கட்ட நான் ஆச்சு.

என் பக்கத்து இருபதடிக்குக் கிளுவைப் போத்து வெட்டி நிழலில் சாய்த்து வைத்திருக்கிறேன். புரட்டாசியில் ஊன்றினால் ஐப்பசி மழைக்குத் துளிர்த்துவிடும். ஆனால் நான் இந்தப் பக்கம் ஊன்றி, அவர் அந்தப் பக்கம் பிடுங்கினால் என்ன பிரயோஜனம்? அவருக்கு ஜேசிபி திங்கட்கிழமை வருகிறதாம். கடிதம் கிடைத்ததும் அவருக்கு ஒரு போன் போடு. எனக்கு அப்புறம் எழுதினால் போதும்.

உன்,
பழைய பெஞ்சு