வெள்ளத்தில் எதைத் தூக்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் வந்த ஆதார் கட்டுரையில், ஏழை மக்கள் ஆவணங்களின் அருமை தெரியாமல் தொலைத்துவிட்டு அப்புறம் அலைகிறார்கள் என்று உங்கள் நிருபர் போகிற போக்கில் எழுதியிருக்கிறார். நல்லது. 2015 டிசம்பரில் ஆறு வீட்டுக்குள் வந்தபோது பிள்ளையைத் தூக்குவதா ரேஷன் கார்டைத் தூக்குவதா என்று கேட்டுக்கொள்ள அவர் பக்கத்தில் இல்லாமல் போய்விட்டார்.

சரி, தொலைந்ததை எப்படியோ திரும்ப வாங்கினோம். பிறகு ஆற்றோரம் கூடாது என்று வீட்டை இடித்து எங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். இடித்தது அரசாங்கம், ஆனால் ஆதார் கார்டில் இருக்கும் பழைய முகவரியை மாற்றுவது மட்டும் எங்கள் பாடு. தாசில்தாரோ எம்.எல்.ஏ.வோ கவுன்சிலரோ ஆதார் ஆணையத்தின் படிவத்தில் சான்று கொடுத்தால் போதும், இது உங்களுக்குத் தெரியாததல்ல. அப்படி வாங்கிப் போன என் நாத்தனாரை, படிவத்தில் ஒட்டிய போட்டோவின் மேல் முத்திரை விழவில்லை என்று ஆதார் மையத்தில் திருப்பி அனுப்பினார்கள். அதைச் சரிசெய்து கொண்டு போவதற்குள் சான்று கொடுத்த தேதி மூன்று மாதம் தாண்டிவிட்டது, இனி செல்லாது என்றார்கள். கட்டணம் 75 ரூபாய்தானே என்பீர்கள், வீட்டு வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தை அவள் யாரிடம் கேட்பாள்?

போன் நம்பர் இன்னொரு கூத்து. ரீசார்ஜ் பண்ணக் காசில்லாமல் சில மாதம் விட்டால் நம்பர் வேறு யாருக்கோ போய்விடுகிறது, நம் ஆதாருக்கு வரவேண்டிய ஓடிபியும் அவருக்கே போகிறது. என் மாமியார் ஆயுசு முழுக்கச் சித்தாள் வேலை பார்த்தவர், சிமென்ட் அரித்த விரலை ரேஷன் கடை மிஷின் ஏற்றுக்கொள்ளவில்லை என்று வெறும் பையோடு அனுப்பியிருக்கிறார்கள். ஜார்க்கண்டில் ஆதார் இணைக்கவில்லை என்று ரேஷன் கார்டு ரத்தான வீட்டில் ஒரு சிறுமி செத்துப்போய், 2017 அக்டோபரில் மத்திய உணவுத் துறையே கைரேகை விழவில்லை என்று யாருக்கும் பொருள் மறுக்கக் கூடாது என்று எழுதியதே, அந்தக் கடிதம் கடைக்காரருக்கு இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது. இதில் அருமை தெரியாதவர் யார் என்று உங்கள் நிருபரிடமே கேளுங்கள்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த முகவரிச் சான்றுப் படிவத்தை, முத்திரை எங்கே விழவேண்டும், எந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்று நிரப்பிய மாதிரியோடு அரைப் பக்கம் போடுங்கள். நகைக்கடை விளம்பரத்தை ஒரு நாள் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரும்பாக்கம்