வருவது வீட்டுக்கு, போவது வேறு வழியில்

அன்புள்ள சேகர்,

பரணில் கிடந்த கம்ப்யூட்டரைத் தூசி தட்டி லினக்ஸ் ஏற்றிவிட்டாய், டொமைனும் வாங்கியாயிற்று, இனி சொந்த மெயில் சர்வர்தான் என்று எழுதியிருந்தாய். மெயிலை அனுப்பி வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸும், வந்ததைப் பெட்டியிலிருந்து உனக்கு எடுத்துக் காட்டும் டவ்காட்டும் நிறுவ ஒரு சாயங்காலம் போதும். வில்லங்கம் மெஷினில் இல்லை, உன் வீட்டு ஐபி முகவரியில்தான்.

எதையும் தொடுமுன் இரண்டு சோதனை செய். ரவுட்டரில் காட்டும் வெளி முகவரி 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்டதென்றால், ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து வரும் இணைப்பை ரவுட்டர் உன் கம்ப்யூட்டருக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் செய்தும் பயனில்லை. அடுத்து, ஏதாவது பெரிய மெயில் சர்வரின் 25ஆம் போர்ட்டுக்கு, அதாவது மெயில் வாசலுக்கு, டெல்நெட் கட்டளையால் இணைத்துப் பார். 220 என்று தொடங்கும் வரி வந்தால் வழி இருக்கிறது. கர்சர் சும்மா மின்னிக்கொண்டே இருந்து டைம்அவுட் ஆனால் உன் இணைய நிறுவனம் அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள். வைரஸ் பிடித்த வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஸ்பாம் கக்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது. 587க்கு மாற்றித் தப்பிக்க முடியாது. அது பாஸ்வேர்டு கொடுத்து மெயிலை ஒப்படைக்கும் வாசல். சர்வருக்குச் சர்வர் பேசுவது 25இல்தான்.

25 திறந்திருந்தாலும், ஒரு ஐபி முகவரி எந்தப் பெயருக்கு உரியது என்று மெயில் வாங்கும் சர்வருக்குச் சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ் உன் கையில் இல்லை, முகவரிக்குச் சொந்தக்காரர் கையில். போதாததற்கு, வீட்டு இணைப்பு முகவரிகளை ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹாஸ், நேரடியாக மெயில் அனுப்பக் கூடாத முகவரிகளுக்கான தன் பிபிஎல் பட்டியலில் மொத்தமாகப் போட்டு வைத்திருக்கிறது. நீ ஒரு ஸ்பாமும் அனுப்பியிருக்க வேண்டாம், 550 என்ற மறுப்புக் குறியீட்டோடு முகத்தில் அடித்தாற்போல் திரும்பி வரும். அதோடு மல்லுக்கட்டாதே. வரும் மெயிலை வீட்டில் வாங்கு, போகும் மெயிலை, உனக்காக அனுப்பித் தரும் ரிலே சேவை வழியாக விடு.

போஸ்ட்ஃபிக்ஸில் ரிலேஹோஸ்ட் என்ற வரியில் அந்தச் சேவையின் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதி, அதன்பின் முக்காற்புள்ளி, 587. அடைப்பு விட்டுப்போனால் போஸ்ட்ஃபிக்ஸ் அந்தப் பெயருக்கு எம்எக்ஸ் (மெயில் வாங்கும் சர்வர் எது என்று காட்டும் டிஎன்எஸ் பதிவு) தேடிக்கொண்டு வேறெங்கோ போய்விடும். வெகுநேரம் மண்டை காயவைக்கும் பிழை இது.

உன் டொமைன் பெயரில் யார் யார் மெயில் அனுப்பலாம் என்று டிஎன்எஸ்ஸில் சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் ரிலேயையும் சேர். ஒரு டொமைனுக்கு ஒரே பதிவுதான். பழையதை விட்டுவிட்டு இரண்டாவது போட்டால் இரண்டுமே செல்லாது. மெயிலில் கையொப்பமிடும் டிகிம் முறைக்கான சாவியை 2048 பிட் வை. அது டிஎன்எஸ்ஸில் ஒரு சரத்துக்கான 255 எழுத்து வரம்பைத் தாண்டும், ஆகவே இரண்டு மேற்கோள் துண்டாக வெட்ட வேண்டும். வெட்டும்போது ஒரு எழுத்து விழுந்தாலும் கையொப்பம் தேறாது. இந்த இரண்டிலும் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பாக வைத்து, அறிக்கைகளைப் பார்த்தபின் இறுக்கு. 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் சின்ன ஆட்களிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கேட்கிறது, ஆகவே அங்கே ஒரு சோதனை மெயில் அனுப்பி அதன் மூல வடிவத்தைத் திறந்து மூன்றும் பாஸா என்று பார்.

கரண்ட் போனால் மெயில் தொலையுமோ என்று கேட்டிருந்தாய். தொலையாது. அனுப்பும் சர்வர் வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும். போஸ்ட்ஃபிக்ஸில் இயல்பாகவே 5 நாள்.

நிஜமாகப் பயப்பட வேண்டியது போஸ்ட்ஃபிக்ஸின் மைநெட்வொர்க்ஸ் அமைப்புக்கு, அதாவது பாஸ்வேர்டு கேட்காமல் மெயில் அனுப்ப விடும் முகவரிகளின் நம்பகப் பட்டியலுக்கு. டாக்கர் என்ற தனிப்பெட்டி மென்பொருளுக்குள்ளோ, வேறொரு மெஷின் வழியாக இணைப்பைக் கடத்தும் டனலுக்குப் பின்னாலோ சர்வரை வைத்தால், வெளியிலிருந்து வரும் இணைப்பெல்லாம் உள் கேட்வே முகவரியிலிருந்து வருவதுபோலத் தெரியலாம். அந்த முகவரி நம்பகப் பட்டியலில் இருந்தால் ஊரே உன் சர்வர் வழியாக ஸ்பாம் அனுப்பும். லாகில் வெளியாட்களின் உண்மை ஐபி பதிவாகிறதா என்று முதல் நாளே பார்த்துவிடு.

இணைப்பை மறையாக்க இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்பட்டாலும் டவ்காட்டை ரீலோட் செய்யாவிட்டால் பழையதையே நீட்டிக்கொண்டிருக்கும். புதுப்பிக்கும் ஸ்கிரிப்டில் அந்த ரீலோடுக்கு ஒரு வரி சேர்.

இன்னொன்று: டொமைன் வாங்கிய இடத்தில் தொடர்பு முகவரியாக இந்தப் புது மெயிலைக் கொடுத்துவிடாதே. டொமைன் காலாவதியானால், அதை மீட்கும் பாஸ்வேர்டு அந்தச் செத்த பெட்டிக்குத்தான் வரும்.

டெல்நெட் சோதனையில் என்ன வந்ததென்று எழுது.

அன்புடன்,
பாலு